கண்ணை மூடறதுக்குள்ளே

“நான் கண்ணை மூடறதுக்குள்ள இவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிப் பாத்துடணும்.” இந்த வாக்கியம் ஒலிக்காத தமிழ் வீடு அபூர்வம். கல்யாணம் இருக்கும் இடத்தில் பேரன் வரலாம், கிரகப்பிரவேசம் வரலாம், காசி வரலாம். முன்பாதி மட்டும் மாறாது. சொல்கிறவருக்கு 50 வயதுகூட ஆகியிருக்காது. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் சாவைத் திண்ணையில் உட்கார்த்திவைத்துவிட்டு, அது எழுந்து உள்ளே வருவதற்குள் முடிக்கவேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். “அச்சானியமாப் பேசாதே” என்று அதட்டுவார்கள். பேச்சு நிற்கும், பட்டியல் நிற்காது.

ஆங்கிலத்தில் இதற்கு ‘பக்கெட் லிஸ்ட்’ என்ற பெயர் பரவியது 2007-க்குப் பிறகு. ராப் ரைனர் இயக்கிய படத்தின் தலைப்பு அது. புற்றுநோயில் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் இருவர் ஒரே மருத்துவமனை அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். மார்கன் ஃப்ரீமன் ஒருவர், ஜாக் நிக்கல்சன் மற்றவர். ஒரு தாளில் ஆசைகளை எழுதிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், தாஜ்மகால் என்று கதை சுற்றுகிறது. திரைக்கதை எழுதிய ஜஸ்டின் ஸாக்கம் அதற்கு முன்பே தனக்கென ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். படத்தின் வித்து அதுதான். செத்துப்போவதை ‘வாளியை உதைப்பது’ என்று சொல்லும் ஆங்கில வழக்கு 1785-இல் ஃப்ரான்சிஸ் க்ரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதியிலேயே இருக்கிறது. நம்முடைய ‘மண்டையைப் போடுவது’ மாதிரி, மரியாதை குறைந்த சொல். மண்டையைப் போடுமுன் பட்டியல் என்று இங்கே யாராவது படத்துக்குப் பெயர் வைத்திருந்தால் தணிக்கைக் குழுவுக்கு முன்னால் தயாரிப்பாளரின் அம்மாவே வெட்டியிருப்பார்.

படத்தில் ஒரு வசதி உண்டு. இருவரில் ஒருவர் பெரும் கோடீஸ்வரர், விமானம் அவருடையது. காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுவதே இல்லை. தமிழ் வீட்டுப் பட்டியலோ அந்தக் கேள்வியில்தான் தொடங்கும்.

பெயர் வருவதற்கு முன்பே பட்டியல் போட்டவர்களில் புகழ்பெற்றவர் ஜான் கோடார்ட். 1940-இல் லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த 15 வயதுப் பையன். இளமையில் செய்யாமல் விட்டதை நினைத்துப் பெரியவர்கள் புலம்பியது காதில் விழ, மஞ்சள் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, வாழ்க்கையில் செய்யவேண்டியவற்றை எழுத ஆரம்பித்தான். முடித்தபோது 127 ஆகியிருந்தது. நைல், அமேசான், காங்கோ ஆறுகளில் பயணம் போகவேண்டும். எவரெஸ்டும் கிளிமஞ்சாரோவும் ஏறவேண்டும். விஷப்பாம்பிடமிருந்து விஷம் கறக்கவேண்டும். நிமிடத்துக்கு 50 சொல் தட்டச்சு செய்யவேண்டும். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை முழுவதும் படிக்கவேண்டும். டார்ஜான் படமொன்றில் தலைகாட்டவேண்டும். கல்யாணம் செய்து பிள்ளைகுட்டி பெறவேண்டும். நிலவுக்குப் போகவேண்டும். 21-ஆம் நூற்றாண்டைப் பார்க்கும்வரை உயிரோடிருக்கவேண்டும்.

பையன்கள் எழுதும் பட்டியல்கள் வழக்கமாகப் பரணுக்குப் போய்ச் சேரும். இது போகவில்லை. 1950-இல் இரண்டு பிரெஞ்சுக்காரர்களோடு கயாக் படகில் நைல் நதியில் இறங்கினார் கோடார்ட். மாதக்கணக்கில் துடுப்புப் போட்டு மறுவருடம் கடலைத் தொட்டார்கள். காங்கோ ஆற்றில் உடன்வந்த நண்பர் மூழ்கி இறந்தார். 1972-இல் லைஃப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதியபோது அவருக்கு வயது 47, முடித்தவை 103. 2013-இல், 88 வயதில் இறந்தார். எவரெஸ்ட் ஏறவில்லை. நிலவு பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பிரிட்டானிக்காவில் ஒவ்வொரு தொகுதியிலும் பெரும்பகுதி படித்ததாகக் கணக்கு; முழுதும் என்று அடித்துவிட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. அந்த நேர்மைக்காகவே அவரை நம்பலாம். டார்ஜான் ஆசை பொருளற்றுப்போன சிறுபிள்ளை ஆசை என்று பின்னாளில் அவரே ஒதுக்கிவிட்டார்.

இன்று படிக்கும்போது அந்தப் பட்டியலில் உறுத்துவதும் உண்டு. சிவிங்கிப்புலியும் சிம்பன்சியும் சொந்தமாக வளர்க்க ஆசைப்படுகிறான் பையன். ஆப்பிரிக்காவும் நியூ கினியும் அவனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய காட்சிக்கூடங்கள். 1940-இன் அமெரிக்கச் சிறுவனுக்குச் சினிமாவும் சாகசப் புத்தகங்களும் காட்டிய உலகம் அது. பட்டியல் போடுகிறவர் தன் ஆசையை எழுதுவதாகத்தான் நினைப்பார். பாதி ஆசை அந்தக் காலம் காதில் ஓதியது.

இன்னொரு விசித்திரமும் அதில் தெரிகிறது. தட்டச்சுக்கு ஒரு வரி, நிலவுக்கும் ஒரு வரி. ஆறு மாதம் விரலொடிந்தால் முடிகிற காரியமும், ஒரு தேசமே சேர்ந்து பணம் கொட்டினால்தான் முடிகிற காரியமும் தாளில் ஒரே அகலம். எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படும் எல்லாப் பட்டியல்களிலும் இந்தப் பொய் கொஞ்சம் கலந்திருக்கிறது.

வைணவர்களைக் கேட்டால் இதை நன்றாகச் சொல்வார்கள். ஆழ்வார்கள் பாடிய தலங்கள் 108. பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் அவற்றை வரிசைப்படுத்தி 17-ஆம் நூற்றாண்டில் ஓர் அந்தாதியே பாடிவைத்திருக்கிறார். சோழநாட்டில் 40, தொண்டைநாட்டில் 22, பாண்டியநாட்டில் 18, மலைநாட்டில் 13, நடுநாட்டில் 2, வடநாட்டில் 11. சீர்காழிப் பக்கம் திருநாங்கூரைச் சுற்றி 11 கோயில்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன; கும்பகோணத்திலிருந்து விடியற்காலையில் வேன் பிடித்தால், நடைசாத்தும் நேரம் பார்த்து ஓடினால், ஒரே நாளில் கணக்கில் 11 ஏறிவிடும். சாளக்கிராமம் என்று ஆழ்வார் பாடிய இடமாகப் பலர் சேவிக்கும் முக்திநாத் நேபாளத்தில், 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே மூச்சு வாங்க ஏறி வந்தாலும் கணக்கில் ஏறுவது ஒன்றுதான்.

கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டு மாமாக்கள் பேசிக்கொள்வதைக் கேட்கவேண்டும்.

“எத்தனை சேவிச்சாச்சு?”

“நூத்தி நாலு ஆச்சு. முக்திநாத்தும் திருப்பிரிதியும் பாக்கி.”

அந்த ‘பாக்கி’யைக் கவனிக்கவேண்டும். மளிகைக்கடைச் சொல் அது, கொடுக்கவேண்டிய மிச்சம். 104-ம் 2-ம் சேர்ந்தால் 106. மற்ற இரண்டும், திருப்பாற்கடலும் பரமபதமும், இந்த உடம்போடு போகமுடியாதவை. சாவதற்குள் முடிக்கவேண்டும் என்று உலகமெல்லாம் பட்டியல் போட, செத்த பிறகு போகவேண்டிய இடத்தையும் அதே பட்டியலில் சேர்த்துவைத்த சாமர்த்தியம் இங்கே நடந்திருக்கிறது. மாமாக்கள் அதைப் பாக்கி என்று சொல்வதில்லை.

சைவர்களின் வரிசையில் கயிலை இருக்கிறது. இந்திய சீனப் போர் நடந்த 1962-இலிருந்து 1981 வரை இந்தியாவிலிருந்து அங்கே யாத்திரை கிடையாது. கொரோனா வந்த 2020-இல் மறுபடி நின்று 2025-இல்தான் திறந்தது. சீட்டுக் கட்டி, மருத்துவப் பரிசோதனை முடித்து, கம்பளிச் சட்டை தைத்துவைத்து, வயது ஏறிப்போனவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்கு அப்பர் கதையில் ஓர் ஆறுதல் உண்டு. கயிலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பிய நாவுக்கரசர், கால் தேய்ந்து, பிறகு கையும் மார்பும் தேயத் தவழ்ந்து, கடைசியில் புரண்டு போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அங்கேயுள்ள குளத்தில் மூழ்கச் சொல்லிக் கட்டளை வந்தது. மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது சோழநாட்டுக் குளக்கரையில். ஆடி அமாவாசையன்று அங்கே அதை இன்றும் விழாவாக எடுக்கிறார்கள். முடியாத வரியை அடித்துவிட்டு அருகிலிருக்கும் ஊரை எழுதிக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய அனுமதிச்சீட்டு யாரும் தரமுடியாது.

இப்போது பட்டியலையே கடையில் வாங்கிக்கொள்ளலாம். சாவதற்குள் பார்க்கவேண்டிய ஆயிரம் இடங்கள் என்று பட்ரீஷியா ஷுல்ட்ஸ் எழுதிய புத்தகம் 2003-இல் வந்தது, சக்கைப்போடு போட்டது. அதற்கும் முன்னால், 1999-இல், சாவதற்குள் செய்யவேண்டிய நூறு காரியங்கள் என்று ஒரு புத்தகம் எழுதியவர்களில் ஒருவர் டேவ் ஃப்ரீமன். அவர் 2008-இல் இறந்தார். மலையிலிருந்து விழவில்லை, கடலில் மூழ்கவில்லை. வீட்டில் தவறிவிழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். வயது 47. தான் எழுதிய நூறில் ஏறக்குறைய பாதிக்குப் போயிருந்தார். செய்தித்தாள்கள் இதை ஒரு விநோதமாக வெளியிட்டன. விநோதம் ஒன்றுமில்லை. ஊருக்கே பட்டியல் எழுதியவர்கூடப் பாதியில்தான் எழுந்துபோகிறார்.

சரி, மனிதர்கள் உண்மையிலேயே என்ன எழுதுகிறார்கள்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர் வி. ஜே. பெரியகோயில் அமெரிக்கா முழுவதிலுமிருந்து 3,056 பேரிடம் கேட்டு 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். (வைணவர்களுக்குப் பெரியகோயில் என்றால் திருவரங்கம், 108-ஐப் பற்றிப் பேசிவிட்டு இந்தப் பெயரில் வந்து நிற்பது தற்செயல்தான்.) பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களிடம் ஒரு பட்டியல் இருப்பதாகச் சொன்னார்கள். பயணம் 78.5 சதவீதப் பட்டியல்களில் இருந்தது. குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் நேரம் செலவிடுவது 16.7 சதவீதத்தில்தான். அந்த மருத்துவர் இதை வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. நோயாளியின் பட்டியலைத் தெரிந்துகொள்ளாமல் சிகிச்சையை முடிவுசெய்யக்கூடாது என்பது அவர் கட்சி. மகன் கல்யாணத்துக்குப் போய்நிற்க ஆசைப்படும் ஒருவரை, அந்த வாரத்திலேயே எழுந்திருக்க முடியாமல் படுக்கவைக்கும் மருந்தைக் கொடுத்தால் வைத்தியம் பலித்தும் என்ன பிரயோஜனம்? நம் டாக்டர்களும் கேட்கலாம். மருந்துச்சீட்டில் ஒரு வரி போதும்.

நம் அம்மாக்களிடம் எடுத்தால் அந்தச் சதவீதம் தலைகீழாகும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை. கண்ணை மூடறதுக்குள்ளே என்று தொடங்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் முடிவது வேறொருவர் வாழ்க்கையில். இதை உயர்வென்று கொண்டாடவும் கூச்சமாக இருக்கிறது. தனக்கென்று ஒரு வரி எழுதிக்கொள்ள அந்தப் பெண்களை யாரும் விட்டதில்லை என்பதும் அதில் சேர்த்தி. கல்யாணம் நடக்கவேண்டிய பெண்ணுக்கு அந்த வரி எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பது இன்னொரு கட்டுரை.

அவர்கள் தமக்கென்று வைத்துக்கொண்ட ஒரே பட்டியல் நேர்த்திக்கடன். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கினால் சமயபுரத்தில் மாவிளக்கு. பையனுக்கு வேலை கிடைத்தால் பழனியில் மொட்டை. வேண்டுதல் வாயிலிருந்து வந்த நிமிடமே அது கடனாகிவிடுகிறது. காலைக்கடன், பிதிர்க்கடன் என்று கடமைக்கும் கடனுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழி இது. ஆசையைத் தள்ளிப்போடலாம், கேட்க ஆளில்லை. கடனைத் தள்ளிப்போட்டால் கனவில் வந்து கேட்கும்.

அதை மறக்காமலிருக்க ஓர் ஏற்பாடும் வைத்திருந்தார்கள். ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னாலோ அரிசிப்பானையிலோ வைத்துவிடுவது. எழுத்துத் தெரியாதவர்களும் எழுதிவைக்கக்கூடிய ஒரே குறிப்பேடு இது. வெள்ளிக்கிழமைதோறும் படத்தைத் துடைக்கும்போது முடிச்சு கையில் படும். குலதெய்வத்துக்கு முதல் மொட்டை நேர்ந்திருந்தால் இன்னும் வசதி: பிள்ளை தலையிலேயே பட்டியல் வளரும். மூன்று வயதுப் பையன் ரெட்டைச் சடையோடு திரிவான். தெருவில் போகிறவர்களெல்லாம் “எப்ப மொட்டை?” என்று கேட்பார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, பங்காளிகளுக்குள் பேச்சில்லை, தாய்மாமன் மடி இன்னும் ஊர் வந்துசேரவில்லை என்று நாலு காரணம் சொல்லிச் சொல்லி அலுத்து, ஒருநாள் போய் முடித்துவிட்டு வருவார்கள். கைபேசியில் வரும் நினைவூட்டலை விரலால் தள்ளிவிடலாம். எதிர்வீட்டுப் பாட்டியைத் தள்ளமுடியாது.

காசிக்குப் போனால் இன்னொரு கணக்கு. ராமேசுவரத்து மணலை எடுத்துப்போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகப் பொருள். அத்தோடு காசியில் ஒரு காயையும் ஒரு கனியையும் விட்டுவிட்டு வரவேண்டும், பிடித்தமானவையாக. பாகற்காயை விட்டுவிட்டு வந்த கெட்டிக்காரர்களும் உண்டு. ஆனால் மாம்பழத்தை விட்டவர் ஒருவராவது பல குடும்பங்களில் இருந்திருப்பார். சித்திரை, வைகாசியில் வீடே மணக்கும்போது அவர் திண்ணைக்குப் போய்விடுவார். அவர் காசிக்குப் போய்வந்தார் என்பதற்கு வேறு அத்தாட்சி கேட்டதில்லை யாரும். செல்ஃபி இல்லை, ஒரு பழம் இல்லை, அவ்வளவுதான்.

கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறிய கடையை நடத்திய கே. ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் இந்தக் கடன் கணக்கை உலகப் படத்தின்மேல் விரித்தார்கள். வேலையாள் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வியாபாரத்தில் 300 ரூபாய் எடுத்துவைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்கி ஊர் சுற்றிவிட்டு வருவார்கள். பிறகு இரண்டு மூன்று வருடம் டீ ஆற்றி அடைப்பார்கள். அடைத்து முடித்ததும் அடுத்த கடன், அடுத்த நாடு. 2007-இல் தொடங்கியவர்கள் 26 நாடுகள் பார்த்துவிட்டார்கள். பெயர் பரவிய பிறகு ஆதரவாளர்களும் கிடைத்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். நவம்பரில் விஜயன் இறந்தார், 71 வயதில்.

சேமித்து முடித்தபின் போகலாம் என்று காத்திருந்தால் அவர் எர்ணாகுளத்தைத் தாண்டியிருக்கமாட்டார். வங்கிக்குத் தவணை கட்டவேண்டிய கட்டாயம்தான் அவரைத் தினமும் விடியற்காலையில் அடுப்பு மூட்டவைத்தது. அடைபட்ட கடன் அடுத்த பயணத்துக்கு வாசல் திறந்தது. மஞ்சள் துணிக்குப் பதில் பாஸ்புத்தகம். கோடார்டுக்கு வங்கி தேவைப்படவில்லை. 15 வயதில் எழுதிவைத்த பையனே வாழ்நாளெல்லாம் கடன்காரன் மாதிரி வாசலில் நின்றான். இப்படி வந்து கேட்க ஓர் ஆள் அமையாத பட்டியல்தான் ஜனவரி முதல் வாரத்து டைரியில் எழுதப்பட்டு, பொங்கலுக்குள் காணாமல் போகிறது.

மஞ்சள் முடிச்சில் ஒரு குறை உண்டு. அதன்மேல் எதுவும் எழுதியிருக்காது. எந்த முடிச்சு எந்தச் சாமிக்கு, எதற்காக, யாருக்காக என்பதெல்லாம் முடிந்த கைக்கு மட்டும் தெரியும். அம்மா போன பிறகு பீரோவை ஒழிக்கும்போது பட்டுப்புடவை மடிப்பிலிருந்து மூன்று, நான்கு விழும். ஒன்றில் இப்போது செல்லாத நாலணா இருக்கும். அண்ணன் தங்கைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யாருக்கு வந்த காய்ச்சலுக்காக இது, எந்தப் பரீட்சைக்காக அது என்று கேட்க ஆளிருக்காது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பதி உண்டியலில் போட்டுவிடுவார்கள். அம்மா இருக்கும்போதே, ஒரு வெள்ளிக்கிழமை அவர் படம் துடைக்கும் நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சையும் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.